சட்டையில் வந்த தூசி

என் அப்பா ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலையில் 26 ஆண்டு மூட்டை பிரித்தார். வீடு திரும்பியதும் காக்கிச் சட்டையை வாசலில் உதறுவார். அம்மா கையால் துவைப்பார். இன்று அப்பாவுக்கு 74 வயது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் மீசோதீலியோமா புற்றுநோய். நீர் கோத்துக்கொண்டால் படுக்க முடியாமல், தலையணையை மடியில் அணைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்.

இந்நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உச்ச நீதிமன்றம் 1995-லேயே உத்தரவிட்டது. நாங்கள் கேட்டபோது ஆலை கைவிரித்துவிட்டது.

ஓய்வுபெற்றவர்களையும், தூசி படிந்த அவர்கள் துணியைத் துவைத்த மனைவியரையும் அரசே தேடிச் சென்று பரிசோதிக்க வேண்டும். வலி தணிக்கும் மார்ஃபின் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும். மூச்சு வாங்கும் முதியவரைச் சான்றிதழுக்காக அலையவிடாதீர்கள்.