டின்னுக்குள் ஒரு மயில்

சீனப் பெருநாள் விடுமுறையில் அலமாரியை ஒழித்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே பிஸ்கட்டா இருக்கும்? பாதியில் விட்ட கிராஸ் ஸ்டிச் துணிகள், நான்கு!

அதில் ஒன்று, அம்மாவின் 60ஆவது பிறந்தநாளுக்காகத் தொடங்கிய மயில். அம்மாவுக்கு இப்போது 67. கண்ணழுத்த நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தெளிவாகப் பார்க்கும்போதே முடித்துவிட வேண்டும்.

14 கட்ட ஐடா துணியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 தையல். மிச்சம் 20 சதுர அங்குலம், ஏறக்குறைய 4,000 தையல். மலைப்பாக இருந்தது. இரவுக்கு 100 என்று பிரித்தேன். 40 இரவு.

உங்களிடமும் இப்படி ஒரு டின் இருந்தால், முதலில் பத்துப் பத்துக் கட்டமாக நீரில் அழியும் பேனாவால் கோடு போடுங்கள். விட்ட இடத்தைத் தேடியே பாதிப் பேர் சலித்துப்போகிறோம். (அலசாமல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள், கோடு போகாது.) மேல் தையல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். நான் பார்க்கவில்லை; ஓர் இறகு முழுவதையும் பிரித்தேன்.

புது நூல் வாங்கக் கடைப்பக்கமே போகவில்லை. சரி, ஒரே ஒரு முறை போனேன்.

நேற்று கழுத்து முடிந்தது. இன்னும் 11 இரவு.