கழிகள் குறுக்கிடும் சாலை

கடற்கரைச் சாலை என்றவுடன், சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையே நம்மில் பலருக்கு நினைவில் எழும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது உங்களுள் சிலர் அதில் பயணம் செய்திருப்பீர்கள். பரந்த மணல்வெளி, சவுக்குத் தோப்பு, உப்பளம், ஏற்ற இறக்கமின்றி நேராக ஓடும் தார்ச்சாலை. அந்தக் கரையில் பழகிய கண்களோடு மகாராட்டிர மாநிலத்தின் கொங்கணக் கரைக்கு வருபவர் ஏமாந்துபோவார். நானும் ஏமாந்தேன்.

என் பணியிடம் பன்வேலுக்கு அருகில் உள்ளது. பன்வேலில் தொடங்கும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கோவா, கருநாடகம், கேரளம் ஆகியவற்றைக் கடந்து கன்னியாகுமரியில் முடிகிறது. மாறுதல் பெற்று வந்த புதிதில் அந்த எண் பலகையைக் காணும்போதெல்லாம், இதே சாலையில் போய்க்கொண்டே இருந்தால் தமிழ் பேசும் ஊர் வந்துவிடும் என்று எண்ணிக்கொள்வேன். ஆனால், கொங்கணத்தில் அந்நெடுஞ்சாலை பெரும்பாலும் கடலை ஒட்டிச் செல்வதில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்நிலத்தில் செல்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டே செல்ல விரும்புபவர் அலிபாக், முருட், ஹர்ணை, குஹாகர், கண்பதிபுளே, இரத்தினகிரி, விஜயதுர்க், மால்வண் என ஊர்களை இணைக்கும் சிறிய சாலைகளையே நாட வேண்டும்.

அச்சாலைகளில் தனியாகக் காரோட்டிச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஒரு பெண் அவ்வாறு தனியாகச் செல்லலாமா என்று கேட்டால், தாராளமாகச் செல்லலாம் என்பதே என் விடை. ஆனால், பயணத் திட்டத்தைத் தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும் என்பதையும் உடன் சேர்த்துக்கொள்வேன். இக்கருத்தை எனக்குக் கற்பித்தது ஓர் இரவு.

சில ஆண்டுகளுக்கு முன், திசம்பர் விடுமுறையில் முதன்முறையாக இப்பயணத்தைத் தொடங்கினேன். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம், உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரும் வருகிறார் என்று பொய் சொன்னேன். தனியாகப் போகிறேன் என்றால் "வேண்டாம்மா" என்பார் என அறிவேன். இரண்டாம் நாள் மாலை ஹர்ணையில் இருந்தேன். அங்குக் கடற்கரையிலேயே மீன் ஏலம் நடக்கும். மாட்டுவண்டிகள் அலையில் இறங்கிப் படகுகளுக்கு அருகில் சென்று மீன் கூடைகளை ஏற்றி வரும். எதிரே கடலின் நடுவில் சுவர்ணதுர்க் கோட்டை. அதன் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இரவு தங்குவதற்கு நான் ஏற்பாடு செய்திருந்த விடுதியோ தாபோள் கழிக்கு அப்பால், குஹாகரில் இருந்தது. வரைபடத்தில் அது ஒரு விரலளவு தொலைவே.

இருட்டிய பின்னரே வண்டியை எடுத்தேன். மேடும் பள்ளமுமான குறுகிய சாலை. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். அவ்வாறு ஒதுங்கியபோது ஓரத்திலிருந்த செம்புரைக்கல்லில் சக்கரம் மோதிக் கிழிந்தது. ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரத்தை எடுத்தேன். அதில் காற்று இல்லை. புறப்படும் முன் நான் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. கைபேசியில் சமிக்ஞையும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, திருமண வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார் வண்டியை நிறுத்தித் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றனர். அந்த வீட்டுப் பாட்டி எனக்குச் சோறும் மீன் குழம்பும் இட்டு, தம் அருகிலேயே பாய் விரித்தார்.

அதனால் அன்றிரவு எனக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. திருநெல்வேலியில்தான் அந்த இரவு கழியவில்லை. என் கைபேசி கிடைக்காமையால், அம்மா அந்த ஆசிரியையின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்திருக்கிறார். அவரோ மும்பையில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். என் மகள் எங்கே, யாருடன் போயிருக்கிறாள் என்று சொல்ல அம்மாவிடம் ஒன்றுமே இல்லை. காவல் நிலையத்துக்குச் சென்றாலும் எந்த ஊரைச் சொல்வார்? மறுநாள் காலையில் நான் பேசியபோது அவர் கோபிக்கவில்லை. "எந்த ஊரில் இருக்கிறாய் என்று மட்டும் சொல்" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எங்கே தவறினேன் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். தனியாகச் சென்றது தவறன்று. வண்டியில் இருவர் இருந்தால், "போதும், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பலாம்" என்று ஒருவரேனும் சொல்வார். தனியாகச் செல்பவருக்கு அவ்வாறு சொல்ல ஆளில்லை. ஆசை கொண்டவரும் அவரே, தடுக்க வேண்டியவரும் அவரே. ஆகவே, வீட்டில் நிதானமாக அமர்ந்து எழுதிய தாள்தான் அந்த இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும். "மாலை நான்கு மணிக்குப் பிறகு வண்டி ஓட்டுவதில்லை" என்று அன்று எழுதி வைத்திருந்தால், ஹர்ணையிலேயே அறை தேடியிருப்பேன். கதிரவன் மறைவதை முழுதாகப் பார்த்திருப்பேன்.

கிழக்குக் கரையில் வளர்ந்த நமக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அங்கே கதிரவன் கடலில் எழுவான். பார்த்துவிட்டுப் பகல் முழுவதும் பயணம் செய்யலாம். இங்கே கடலில் மறைகிறான். அழகான நேரம் முடிந்தவுடன் இருள். திசம்பரில் மாலை ஆறு மணியளவிலேயே மறைந்துவிடுவான். மேலும், தெற்கு நோக்கிச் செல்லும்போது கடலும் ஓட்டுநர் இருக்கையும் வலப்புறமாக அமைவதால், பிற்பகல் வெயில் நேரே கண்ணில் விழும். காலையில் சீக்கிரம் புறப்பட்டுப் பிற்பகலில் ஊர் சேர்வதே இக்கரைக்கு ஏற்றது.

இனி, தொலைவைப் பற்றி. சகியாத்திரி மலையில் தோன்றும் ஆறுகள் குறுகிய தொலைவே ஓடி மேற்குக் கடலில் கலக்கின்றன. கலக்குமிடத்தில் கடல்நீர் உள்ளே புகுந்து நெடுந்தொலைவு நிற்கிறது. இதனை மராத்தியர் ‘காடி’ என்பர். தமிழில் இதற்குக் ‘கழி’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் மிகுதியாக ஆண்ட சொல் இது. நம் வகுப்பில் நெய்தல் திணையை நடத்தும்போது, கழி என்றால் என்னவென்று கரும்பலகையில் கோடு இழுத்துக் காட்டியே பழகியிருந்த நான், வண்டியை நிறுத்திவிட்டு அதன் எதிரில் நின்றபோதுதான் அச்சொல்லின் அகலத்தை அறிந்தேன். அக்கரையில் இருக்கும் வீட்டின் கூரை தெரியும்; ஆனால் போக வழியிராது.

ராஜ்புரிக் கழி, சாவித்திரி ஆற்றின் பாண்கோட் கழி, வாசிஷ்டி ஆற்றின் தாபோள் கழி, சாஸ்திரி ஆற்றின் ஜெய்கட் கழி என வடக்கிலிருந்து தெற்காக அவை சாலையை வெட்டுகின்றன. கார்களையும் பேருந்துகளையும் ஏற்றிச் செல்லும் படகுகள் அகர்தாண்டாவிலிருந்து திகிக்கும், வேஷ்வியிலிருந்து பாக்மாண்ட்லாவுக்கும், தாபோளிலிருந்து தோபாவேக்கும், தவ்சாளிலிருந்து ஜெய்கட்டுக்கும் செல்கின்றன. படகைத் தவறவிட்டால் கழியைச் சுற்றிக்கொண்டு உள்நிலம் வரை சென்று திரும்ப வேண்டும். எனவே, இக்கரையில் பயணத்தைக் கிலோமீட்டரால் அளப்பது பயன்படாது. ஒரு நாளில் எத்தனை கழிகளைக் கடக்கிறோம் என்றே அளக்க வேண்டும். என் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு கழிதான். நூறு கிலோமீட்டருக்கு மேல் எழுதுவதில்லை. படகு நேரத்தை முதல் நாளே துறைக்குத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். கைபேசி வரைபடம் வழியைக் காட்டும். துறையில் நமக்கு முன்னால் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதை அது அறியாது.

கடலின் கணக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். அலிபாக்கில் உள்ள குலாபா கோட்டைக்குத் தாழ்ஓதத்தின்போது நடந்தே செல்லலாம். நீர் ஏறிவிட்டால் இயலாது. ஓர் உயர்ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் ஆகும். ஆகவே, நாள்தோறும் அந்நேரம் ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். சென்ற வாரம் ஒருவர் காலை பத்து மணிக்கு நடந்து சென்றார் என்பதற்காக இந்த வாரம் நாமும் பத்து மணிக்கு இறங்கலாகாது. உள்ளூர் மீனவரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கேட்க வெட்கப்படுபவர்களே பெரும்பாலும் கடலில் மாட்டிக்கொள்கிறார்கள். மணலில் காரை இறக்கிப் படம் எடுப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பருவத்தைத் தேர்வதில் ஐயத்துக்கு இடமில்லை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இக்கரையை அறைகிறது. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலமும் சூன் 1 முதல் சூலை 31 வரை. நம் கிழக்குக் கடலில் அது ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். மழையில் கொங்கணம் பேரழகுதான். அதைத் துணையோடு சென்று பார்க்கலாம். தனியே வண்டி ஓட்டுபவர் திசம்பர் வரை காத்திருக்கட்டும்.

திட்டமிட்டால் பயணத்தின் இன்பம் போய்விடும் என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுவர். வழியில் எதிர்பாராமல் கிடைப்பதே பயணம் என்பது அவர்கள் கட்சி. அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். என் தாளிலும் ஒவ்வொரு நாளின் பிற்பகலும் வெற்றிடமாகவே இருக்கும். பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை ஆங்கிலேயர் நாடுகடத்தி இரத்தினகிரியில் வைத்திருந்தனர். அவர் 1916இல் அங்கேயே இறந்தார். அவர் வாழ்ந்த மாளிகையின் முற்றத்தில் நின்று, தன் ஊரைப் பார்க்க இயலாமல் ஒருவர் இந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாரே என்று நான் ஒரு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தது எந்தத் திட்டத்திலும் இல்லாதது. வெற்றிடம் இருந்ததால் அது கிடைத்தது. நண்பர்கள் சொல்லும் எதிர்பாராமை இதுவாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. காற்றில்லாத ஸ்டெப்னியும் எதிர்பாராததுதானே!

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இப்பாடத்தை அவர்களும் படிப்பார்கள் என நம்புகிறேன். சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களில், பிள்ளைகளைப் பற்றிய அச்சம் கூடுதலாக இருப்பது இயல்பே. இங்கே ஓடி வர மாமாவும் சித்தப்பாவும் அருகில் இல்லை. ஆயினும், "தனியாகப் போகாதே" என்று மட்டும் சொல்லும் வீட்டில் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகுகிறார்கள். நாற்பது வயதில் நான் சொல்லவில்லையா? "எங்கே, எப்போது, எந்த வழியாக?" என்று கேட்கும் வீட்டில் பிள்ளைகள் திட்டமிடப் பழகுவார்கள். பொய் சொல்லிவிட்டுச் சென்றவரை, ஆபத்தில் தேடக்கூட முடியாது.

வரும் திசம்பருக்கான தாள் என் மேசைமீது இருக்கிறது. ஆறு நாள்கள், நான்கு கழிகள், இறுதியில் மால்வண். 1664இல் சிவாஜி கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டைக்குப் படகில் சென்று வர ஒரு முழு நாள். ஒவ்வொரு நாளின் கீழும் தங்கும் விடுதியின் எண், அம்மாவுடன் பேச வேண்டிய நேரம், எந்த இடத்தில் எத்தனை மணியாகிவிட்டால் மேலே செல்லாமல் தங்கிவிட வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதியுள்ளேன். அவசர உதவி எண் 112, கடலோரக் காவல்படையின் எண் 1554 ஆகிய இரண்டும் தாளின் தலைப்பில் உள்ளன. ஸ்டெப்னிக்குக் காற்று அடித்தாயிற்று.

சென்ற ஞாயிறன்று இதனை அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் தம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டார். பாக்மாண்ட்லாவை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு, "மூன்றாம் நாளில் இரண்டு கழி வருகிறதே?" என்றார். எண்ணிப் பார்த்தேன், வந்தது. ஒன்றை நான்காம் நாளுக்கு மாற்றினேன்.