ஜீப்புக்குத் தேவை உயரமா, உறுதியா?

நமது வியாபாரிகள் மத்தியில் ஒரு மோகம் பரவி வருகிறது. ஓடுகின்ற ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய சேற்று டயர் மாட்டுவதுதான் அது. காட்டுப் பாதையில் போகிறவர் செய்தால் நியாயம். தினமும் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக் கடைக்கு வருபவருக்கு எதற்கு? படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு முடிந்துவிட்டது. இன்று ஓடுவது காப்பெற் வீதியில்.

கணக்குப் பார்ப்போம். 16 அங்குல ரிம்மில் 265/70 டயரைக் கழற்றி 285/75 போட்டால் சக்கரம் சுமார் 7 வீதம் பெருக்கும். மீட்டர் 100 காட்டும்போது வாகனம் 107இல் ஓடும். டீசல் செலவு கூடும், பிரேக் சிரமப்படும், வளைவில் வாகனம் சாயும். சரக்கு ஏற்றுபவர் பின் ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவது வேறு. அது தொழிற் செலவு.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் ஆரம்பமானது. ஆகவே நம்மில் பலரிடம் இருப்பவை பழைய ஜீப்கள். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. உயர்த்தும் காசில் முதலில் தேய்ந்த ஷொக் அப்சோபரையும் இறப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். டயரைக் கம்பனி சொன்ன அளவிலேயே வாங்குங்கள். அதன் பக்கத்தில் 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பிஸ்கட் பெட்டிக்குத் திகதி பார்க்கும் நாம், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் டயருக்குப் பார்க்க வேண்டாமா?