பெல்ட் அறுந்ததற்குக் காரணம் பெல்ட் அல்ல

ஸ்டியரிங் திடீரென்று இறுகிவிட்டது என்று வரும் வண்டியின் பானெட்டைத் திறந்தால், பல நேரங்களில் கிராங்க் புல்லியைச் சுற்றிக் கறுப்பு நார் கிடக்கும். கடைக்கு ஆள் அனுப்பிப் புது பெல்ட் வாங்குகிறோம், மாட்டுகிறோம், ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுக்கிறோம். அறுந்த பெல்ட் குப்பைக்குப் போகிறது. இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். கிலோமீட்டர் முடிந்து தானாக அறுந்த பெல்ட்டுகள் உண்டு. வேறொன்று பழுதாகி அறுத்துவிட்ட பெல்ட்டுகளும் உண்டு. இரண்டாவது வகைக்கு வெறும் பெல்ட் மாற்றிக் கொடுத்தால் அதே வண்டி திரும்ப வரும், சில சமயம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

முதலில், வழியில் நின்றுகொண்டு ஃபோன் செய்யும் ஓட்டுநருக்கு நாம் சொல்லும் பதில். "பவர் ஸ்டியரிங் மட்டும்தானே, மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லும் முன், அந்த எஞ்சினில் அந்த பெல்ட் வேறு எதையெல்லாம் சுற்றுகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்புக்குத் தனி வி-பெல்ட் இருந்த பழைய வண்டிகளில் அந்தப் பதில் சரி. ஸ்டியரிங் கனக்கும், ஆனால் கம்பியும் பல்லும் இணைந்தே இருப்பதால் சக்கரம் திரும்பும். ஒரே ரிப் பெல்ட் எல்லாவற்றையும் ஓட்டும் எஞ்சினில் ஆல்டர்னேட்டரும் நின்றிருக்கும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து ஹெட் போய்விடும். டஸ்டர் 1.5 டீசலில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுகிறது, அதனால் அங்கே கொதிப்பு பயம் இல்லை. ஆனால் அறுந்த நார் டைமிங் கவருக்குள் புகுந்து டைமிங்கைத் தள்ளிவிட்டால் வால்வு வளையும். அந்த வண்டியை ஓட்டிவரச் சொல்லவே கூடாது.

பலர் மறப்பது பிரேக்கை. பழைய டாடா, மஹிந்திரா டீசல் வண்டிகள் பலவற்றில் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. பெல்ட் போனால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தில் ஓரிரு மிதிதான் கிடைக்கும்; அதற்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒன்றாகக் கனத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்வதே சரியான பதில்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் அறுந்த பெல்ட்டை மேசையில் நீட்டிப் போட்டுப் பாருங்கள். ஓரம் மட்டும் நாராகப் பிரிந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கிராங்க் புல்லியின் உள் ரப்பர் விட்டுப்போயிருக்கிறதா என்று அங்கேயே தொடங்கலாம். ரிப் ஊறி மெத்தென்று இருந்தால் பம்ப் சீலோ ஓஸோ கசிகிறது. கசிவை நிறுத்தாமல் மாட்டும் புது பெல்ட்டும் அதே எண்ணெயில்தான் ஊறும். கருகிப் பளபளத்திருந்தால் ஏதோ ஒரு பேரிங் இறுகியிருக்கிறது: ஸ்டியரிங் பம்ப், ஐட்லர், டென்ஷனர், ஏசி கம்ப்ரசர் புல்லி என ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஃப்ரீவீல் புல்லி உள்ள ஆல்டர்னேட்டரில், அது ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் டென்ஷனர் உதறி உதறியே பெல்ட்டைத் தின்றுவிடும்.

வெடிப்பை எண்ணி பெல்ட்டின் ஆயுளைச் சொல்லும் பழக்கம் நியோப்ரீன் காலத்தோடு முடிந்தது. இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் லேசில் வெடிக்காது. டயரைப் போல் தேயும்; ரிப்புக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் இறங்கி நழுவும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். பள்ளத்தின் ஆழம் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் கேஜ் ஒன்று பட்டறையில் கட்டாயம் இருக்கட்டும். கீச்சொலி வந்தால் ஸ்ப்ரே அடித்து அடக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். ஓடும் பெல்ட்டின் ரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் புல்லி கோணல், கூடினால் டென்ஷன் குறைவு. ஸ்ப்ரே இந்தச் செய்தியையே அழித்துவிடுகிறது.

எலெக்ட்ரிக் ஸ்டியரிங் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று இளைய மெக்கானிக்குகள் கேட்கிறார்கள். அந்த வண்டிகளிலும் ஆல்டர்னேட்டரும் ஏசியும் பெல்ட்டில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. அந்த வண்டிகள் சிலவற்றில் இருப்பது டென்ஷனரே இல்லாத ஸ்ட்ரெச் பெல்ட். ஒருமுறை கழற்றியதைத் திரும்ப மாட்டக் கூடாது.

இத்தனையும் பார்க்க நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பது பட்டறைக்காரர்களின் நியாயமான குறை. பெல்ட் விலைக்குள் அந்த உழைப்பை நாமே மறைத்து வைத்ததால் வந்த குறை அது. புல்லி, பேரிங், கசிவு பார்த்ததற்குப் பில்லில் தனி வரி போடுங்கள். கண்ட காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய பெல்ட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, அது எந்த இடத்தில் ஏன் அறுந்தது என்று காட்டுங்கள்.