கூண்டைப் பிரித்தால் கூலி உயருமா?



சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில் பிரட்டுக் களத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. "லயங்களைச் சுற்றிக் கோழி வளர்ப்போர் பதினான்கு நாள்களுக்குள் கூண்டுகளைப் பிரித்துவிட வேண்டும். தவறினால் நிருவாகமே அகற்றும்." இதுதான் அதன் சாரம். எந்தத் தோட்டம் என்று நாம் இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால், அது அந்த ஒரு தோட்டத்துச் சங்கதி என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். இன்று அங்கே ஒட்டிய தாள் நாளை உங்கள் பலகைக்கும் வரும்.

ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதித் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, பலகையில் ஒட்டியது நம் கைதான். கிராணி வேலை பார்ப்பவனுக்கு அது கடமை. அன்று மாலை லயத்துப் பக்கம் போனபோது, முப்பது ஆண்டு மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியம்மா நம்மை நிறுத்திக் கேட்டார்:

"கிராணி ஐயா, நீங்கதானே எழுதினீங்க? கோழியை அடை வைச்சு நாலு நாள்தான் ஆகுது. குஞ்சு பொரிக்க இன்னும் பதினேழு நாள் இருக்கு. நீங்க பதினாலுன்னு போட்டிருக்கீங்க. முட்டைக்கு நோட்டீசு படிக்கத் தெரியுமா ஐயா?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இருபத்தொரு நாள் என்பது கோழிக்கு இயற்கை வகுத்த கணக்கு. பதினான்கு நாள் என்பது அலுவலக மேசையில் வகுத்த கணக்கு. இந்த இரண்டுக்கும் இடையில் விடுபட்ட ஏழு நாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூண்டில் இருப்பது என்ன?

மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கோழி என்பது சத்தமும் எச்சமும். நாம் செக்ரோல் எழுதுகிறவர்கள். நமக்குக் கோழி வேறாகத் தெரிகிறது. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பால் சுருங்கிவிடுகிறது. செக்ரோலில் கோடு விழும் அந்த நாள்களிலும் கோழி முட்டையிடுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தட்டில் ஒரு முட்டை விழுகிறது. திடீரென மருத்துவமனைக்கு ஓட வேண்டுமென்றால் இரண்டு சேவல் பேருந்துக் கட்டணமாகிறது. வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தொழிலாளி வீட்டுப் பெண் எடுக்கக்கூடிய ஒரே சேமிப்பு, அந்தப் பலகைக் கூண்டுக்குள் இருக்கிறது.

நாட்டுப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு. ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு நூற்றைம்பதுக்குக் குறையாத முட்டை. இதில் ஒருவரும் பணக்காரராகிவிட மாட்டார். ஆனால் பிள்ளையின் தட்டு வெறுமையாக இராது.

"சட்டப்படி சம்பளம் கொடுக்கிறோமே, பிறகு கோழி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது உண்மை. அது போராடிப் பெற்றது. யாரும் பிச்சையாகப் போட்டதன்று. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியோடு முட்டைக்கு அரசாங்கம் தந்துவந்த உதவித்தொகை நின்றுபோனதும் உண்மை. ஒரு கையில் வந்தது மறு கையில் கடைக்காரரிடம் போகும்போது, கொல்லைப்புறத்துக் கூண்டையும் பிரி என்றால் அதற்குப் பெயர் என்ன? சம்பள வெட்டு. தாளில் வேறு பெயர் எழுதியிருக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். "கோழி இருக்கிறது, தோட்டம் போட்டிருக்கிறாய், சம்பளம் போதாதா?" என்று பேச்சுவார்த்தை மேசையில் எவரேனும் கேட்டால் அதையும் நாம் ஏற்கமாட்டோம். கோழி தொழிலாளியின் உழைப்பு. அவர் வேலை முடிந்து வந்து போட்ட இரை. அது கூலிக் கணக்கில் சேராது.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

முதற் காரணம், துர்நாற்றமும் ஈயும். உண்மைதான், சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டா? எச்சத்தை வாரி உலர்த்தினால் கீரைப் பாத்திக்கு அதைவிட நல்ல உரம் இல்லை.

இரண்டாம் காரணம், நோய். இதை நாம் தட்டிக்கழிக்கமாட்டோம். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் சிலாங்கூரிலும் தலைகாட்டியது. கிராமத்துக் கோழிகளும் அதில் சிக்கின. ஆகவே எச்சரிக்கை வேண்டும். ஆனால் தடை போட்டால் கோழி மறைந்துவிடுமா? லயத்துக் கூண்டிலிருந்து பால்மரக் காட்டுக்குள்ளும் புதர்களுக்குள்ளும் போகும். அங்கே செந்நிறக் காட்டுக்கோழி இன்றும் திரிகிறது. நம் வீட்டுக் கோழிக்கெல்லாம் அதுதான் முப்பாட்டன். இரண்டும் கலந்து மேயும். எந்தக் கோழி எப்போது செத்தது என்று யாரும் எண்ணமாட்டார்கள். எண்ணினாலும் பயந்து சொல்லமாட்டார்கள். கண்ணெதிரே கூண்டில் எண்ணி வைத்திருக்கும் கோழிதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் கோழி.

மூன்றாம் காரணம், நிலம் கம்பெனிக்குச் சொந்தம் என்பது. இதற்குப் பழைய ஏட்டைப் புரட்ட வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் கொடிகட்டிப் பறந்த 1923ஆம் ஆண்டில், மலாய் நாடுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒரு விதி எழுதப்பட்டது. குடும்பத்தோடு தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்கு, பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. நம் முன்னோர் எத்தனை பேருக்கு அது முழுமையாகக் கிடைத்திருக்கும் என்பது வேறு வழக்கு. ஆனால் கூலியாள் என்று நம்மை இழிவாக அழைத்த காலத்திலேயே, கூலியாளுக்கும் ஒரு துண்டு மண் வேண்டும் என்று சட்டத்தில் எழுதவேண்டி வந்தது. நூறு ஆண்டு கடந்து, அடுத்தவர் கொடி இறங்கி நம் கொடி பறக்கும் நாட்டில், ஆறடிக்கு நாலடிக் கூண்டுக்கு இடமில்லை என்றால் நியாயமா?

நான்காம் காரணம், கடையில் கோழி மலிவு என்பது. கடைக் கோழி தின்னும் சோளமும் சோயாவும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வருகின்றன. 2022இல் உலகத்தில் தீவன விலை ஏறியபோது என்ன நடந்தது? கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, அவ்வாண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து கோழி ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்திவைத்தது. கடல் கடந்த சோளத்தை நம்பிய கோழி தடுமாறிய அந்த மாதங்களில், சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் கறையானும் தின்ற லயத்துக் கோழி தடுமாறவில்லை.

"எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்று முடிக்கிறார்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள் நம் பெரியவர்கள். மிதிப்பது கோழியாக இருந்தால்தானே!

நம் முதுகையும் பார்ப்போம்

தோழர்களே, நிருவாகத்தைக் கேட்கும் வாய் நம்மையும் கேட்க வேண்டும். நாம் வளர்க்கிற இலட்சணம் என்ன? பன்னிரண்டு முட்டை வைத்துப் பத்துக் குஞ்சு பொரித்து, எட்டாவது வாரம் நான்கு மிஞ்சினால் "விதி" என்கிறோம். அது விதியன்று, நம் கவனக்குறைவு. காலையில் திறந்துவிட்டு வெட்டுக்குப் போகிறோம். மதியம் திரும்பி வருவதற்குள் பருந்துக்கு ஒன்று, உடும்புக்கு ஒன்று, அடுத்த வீட்டு நாய்க்கு ஒன்று. இரவில் மூசாங்குக்கும் பாம்புக்கும் மிச்சம். அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைக் கோழி கிளறியதால் வந்த சண்டை, கோழிக்காரர் இருவரையும் அலுவலக வாசலுக்கு இழுத்து வந்ததை நாமே பார்த்திருக்கிறோம். அந்தச் சண்டைகள்தாம் இன்றைய அறிவிப்புக்குப் பிள்ளையார் சுழி.

ஆகையால் கேளுங்கள்.

கூண்டு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், கால் நட்டு, நாற்புறமும் நெருக்கக் கம்பி வலை அடித்து இருக்க வேண்டும். இரவு அடைந்து தூங்க ஒரு கோழிக்கு இரண்டு மூன்று சதுர அடி இடம். அதற்குமேல் கோழி சேர்த்தால் நெரிசலும் நோயும்தான் மிஞ்சும்.

குஞ்சுகளை முதல் ஆறு வாரம் திறந்துவிடாதீர்கள். தாயோடு வளர்ந்தால் சூடு தாயின் இறக்கையில் இருக்கிறது. பகலில் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். வாங்கி வந்த குஞ்சானால் பெட்டிக்குள் ஒரு மின்விளக்கு. முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு. பிறகு வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சே வெப்பமானி. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர்கிறது. மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சுடுகிறது. பரவலாகப் படுத்திருந்தால் சரி.

தண்ணீருக்குத் தட்டு தேட வேண்டாம். கழித்துப்போட்ட பால் மங்கு ஒன்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உள்ளே நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். குஞ்சு முழுகிச் சாகாது. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அடியில் மரத்தூளோ உமியோ பரப்பி, நனைந்ததை அன்றன்றே வாரிவிடுங்கள். ஈரத் தரையில்தான் இரத்தக் கழிச்சல் பிறக்கிறது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அது கூட்டமாக வாரிக்கொண்டு போகும்.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலும் சொந்த வீட்டுக் குஞ்சாக வேண்டாம்; அடுத்த லயத்துச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து புதுக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

பச்சையாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்துத் திருகிக் கோழி விழுந்தால் அது கோழிக் கழிச்சல். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசிதான். செத்த கோழியை அல்லூரில் வீசுவதும், சாகப்போகும் கோழியை அறுத்து விற்பதும் ஊரையே கெடுக்கும் பாவம். ஆழப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். ஒரே நாளில் பல கோழி செத்தால் கையால் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு செய்தி. கிராமத்துக் கோழிக்கென்றே, வெயிலைத் தாங்கக்கூடிய, தீவனத்தில் கலந்து கொடுக்கக்கூடிய ஒரு தடுப்பு மருந்தை 1980களில் ஆராய்ந்து உருவாக்கியவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? செர்டாங்கில், அன்று விவசாயப் பல்கலைக்கழகம் என்றும் இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்றும் பெயர் பெற்ற இடத்தில். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் நாட்டு அறிஞர்கள் கண்ட வழி அது. ஊசி வேண்டாம், பெரிய குளிர்ப்பெட்டி வேண்டாம், ஏழை வீட்டுக்கு ஏற்ற வழி. நம் லயத்தில் மட்டும் இன்றுவரை கோழிக்கு மருந்து கொடுக்க ஒருவர் படியேறி வந்ததில்லை. கூண்டைப் பிரிக்கச் சொல்லும் தாள் மட்டும் வந்துவிட்டது.

நாம் கேட்பது

ஒன்று: கூண்டைப் பிரிக்கும் உத்தரவு எதுவும் சங்கத்தோடு பேசாமல் ஒட்டப்படக் கூடாது.

இரண்டு: லயத்துக்குப் பின்புறம், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கூண்டு வரிசைக்கென்று நிருவாகம் ஓரிடம் அளந்து விடட்டும். வீட்டுக்கு இத்தனை கோழி என்ற எல்லையை நாமே ஒப்புக்கொள்கிறோம்.

மூன்று: ஆண்டுக்கு இருமுறையாவது கால்நடைச் சேவைத் துறையினரைத் தோட்டத்துக்கு அழைக்க வேண்டும். தடுப்பு மருந்துச் செலவில் பாதியைத் தொழிலாளர் தருவார்கள். பாதியை நிருவாகம் தரட்டும்.

நான்கு: ஒவ்வொரு லயத்திலும் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், கூண்டுகளை வாரந்தோறும் பார்த்து வரவேண்டும். சுத்தமில்லாத கூண்டை முதலில் கண்டிப்பது சங்கமாக இருக்கட்டும், அலுவலகமாக இருக்க வேண்டாம்.

ஐந்து: இவையெல்லாம் வாய்ப்பேச்சில் நின்றுவிடாமல், அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் ஏற வேண்டும்.

இவற்றில் பேராசை எங்கே இருக்கிறது? நிருவாகம் விரும்பும் சுத்தம் இதில் இருக்கிறது. தொழிலாளிக்கு வேண்டிய முட்டையும் இருக்கிறது.

பாட்டியம்மாவின் கோழியை விட்டுவிட்டோமே. தோட்டக் கமிட்டித் தோழர்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார்கள். பேசியபின் ஒரு மாதத் தவணை கிடைத்தது. அந்தத் தவணைத் தாளையும் நாம்தான் தட்டச்சு செய்தோம். முதல் தாளைவிடச் சற்று வேகமாகவே செய்தோம் என்று ஒப்புக்கொள்கிறோம். பதினேழாம் நாள் பன்னிரண்டு முட்டையில் பதினொன்று பொரித்தன. பதினொன்றும் இன்று பஞ்சாரத்துக்குள் மங்குத் தண்ணீர் குடிக்கின்றன.

இந்த ஏடு உங்கள் கைக்கு வரும்போது அந்த ஒரு மாதமும் முடியும் தறுவாயில் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு லயத்திலும் கூண்டு தூக்கிக் கட்டப்பட்டிருந்தால், தரை கூட்டப்பட்டிருந்தால், கோழிகள் எண்ணி எழுதப்பட்டிருந்தால், கமிட்டித் தோழர்கள் மறுபடி அந்த மேசைக்கு முன்னால் தலைநிமிர்ந்து உட்காரலாம். இல்லையென்றால் அவர்கள் கையில் வெறும் பேச்சுத்தான் இருக்கும். ஆகவே இன்று மாலை வேலை விட்டு வந்ததும் சுத்தியலையும் ஆணியையும் எடுங்கள். அப்படியே இந்த மாதச் சந்தாவையும் கட்டிவிடுங்கள்.

கூண்டும் நமது! குஞ்சும் நமது!
ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!