வீட்டுக்குள் வந்த பண்டிகை

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833 ஆகஸ்டில் கொண்டுவந்த தொழிற்சாலைச் சட்டத்தைப் பிள்ளைகளின் வயதையும் வேலை நேரத்தையும் வரையறுத்த சட்டமாகவே நாம் அறிவோம். பட்டு ஆலைகள் நீங்கலாக மற்ற நெசவாலைகளில் 9 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது; 13 வயதுவரை வாரத்துக்கு 48 மணி நேரம்; 18 வயதுவரை 69 மணி நேரம். இந்த எண்களுக்கு அடுத்து, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பிரிவும் அதில் உண்டு. ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் கிறிஸ்துமஸ் அன்றும் புனித வெள்ளி அன்றும் முழு நாள் விடுமுறை தர வேண்டும். அவை போக ஆண்டுக்கு எட்டு அரை நாட்களாவது தர வேண்டும். பண்டிகையன்று ஒரு பிள்ளை தன் வீட்டில் இருக்கலாம் என்பதைச் சட்டமாக எழுத வேண்டியிருந்த காலம் அது. அதைக் கண்காணிக்க நாடு முழுமைக்கும் நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள் நான்கே பேர்.

குழந்தைகளோடு வீட்டில் கழியும் கிறிஸ்துமஸ் விடுமுறையின் அருமையைச் சொல்ல இந்தப் பிரிவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். வாசலில் தொங்கும் நட்சத்திரமும் கூடத்து மூலையில் வைக்கோல் பரப்பிய குடிலும் அடுப்படியில் வேகும் அச்சுமுறுக்கும் பிறகு வருபவை. முதலில் வேண்டியது, அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே அவசரமில்லாமல் இருக்க ஒரு பகல். அந்தப் பகல் தானாகக் கிடைத்துவிடவில்லை. அதற்குப் பின்னால் நூற்றாண்டுகள் நீண்ட போராட்டம் இருக்கிறது.

பண்டிகை மிகப் பழையது. டிசம்பர் 25ஐ ரோமில் கிறிஸ்து பிறப்பாகக் குறித்த பதிவு கி.பி. 336ஆம் ஆண்டுக்கு உரியது. ஆனால் பழைய இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் பெரியவர்களின் கொண்டாட்டம். அதன் இடமும் பெரும்பாலும் தெருவும் மதுக்கடையும் பண்ணையார் மாளிகையும்தான். அறுவடை முடிந்து, கால்நடைகளை வெட்டி, புது மதுவும் இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் பன்னிரண்டு நாட்கள் வேலை நின்றுவிடும். ஊரார் கூட்டமாகப் பாடிக்கொண்டு பணக்காரர் வாசலில் நின்று குடிக்கவும் தின்னவும் கேட்பார்கள். அந்த ஆரவாரத்தில் சிறு குழந்தைக்கென்று தனி இடம் அநேகமாக இல்லை.

இதைப் பொறுக்காத, கண்டிப்பான சமயச் சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் 1647 ஜூனில் நாடாளுமன்ற ஆணை மூலம் கிறிஸ்துமஸையே ஒழித்தார்கள். அந்த டிசம்பரில் கேன்டர்பரி நகரில் கடைகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று மேயர் கட்டளையிட, மக்கள் திரண்டு திறந்திருந்த கடைகளைத் தாக்கினார்கள். அந்தக் கலகத்தை வெறும் குடிகாரக் கூட்டத்தின் வேலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்று ஒரு நாள் வேலை செய்ய மாட்டோம் என்ற பிடிவாதம் அதற்குள் இருந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியபோது பண்டிகையும் திரும்பியது.

ஆணையால் சாகாத பண்டிகையை ஆலைச் சங்கு தேய்த்துவிட்டது. நீராவி இயந்திரத்துக்கு அறுவடை முடிந்த ஓய்வு கிடையாது. நகரத்து அலுவலகங்களிலும் விடுமுறைகள் கரைந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட புனிதர் நாட்களை விடுமுறையாக வைத்திருந்த இங்கிலாந்து வங்கி 1834இல் அவற்றை நான்காகக் குறைத்தது. மிஞ்சிய நான்கில் கிறிஸ்துமஸ் ஒன்று. பன்னிரண்டு நாள் பண்டிகை ஒற்றை நாளாகச் சுருங்கிய அதே தலைமுறையில்தான் அது வீட்டுக்குள் வந்தது, பிள்ளைகளைச் சுற்றி அமர்ந்தது. இருந்த ஒரு நாளை யாரோடு கழிப்பது என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை தந்த பதிலாகவே இதை நான் பார்க்கிறேன்.

அந்த மாற்றத்தைப் பற்றி யார் பேசினாலும் நாவலாசிரியர் டிக்கன்ஸின் பெயர் வரும். 1824இல் அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, 12 வயதில் காலணி மை புட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குப் போன பிள்ளை அவர். சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் குழந்தைகள் படும் பாட்டை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கையை 1843இல் படித்துவிட்டு, ஏழைகளின் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். அந்த எண்ணம் மாறிப் பிறந்ததுதான், அந்த ஆண்டு டிசம்பர் 19 அன்று வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’. ஐந்து நாட்களுக்குள் 6000 பிரதிகள் விற்றன.

கஞ்சன் மனம் திருந்தும் கதையாகவே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் முடிச்சு விடுமுறையைப் பற்றியது. வேலை செய்யாத நாளுக்கு எதற்குச் சம்பளம் என்று முதலாளி முணுமுணுக்கிறார். குமாஸ்தா பாப் கிராட்சிட் கூனிக் குறுகி அந்த ஒரு நாளைப் பெறுகிறார். கிராட்சிட் வீட்டில் அடுப்பு சிறிது. அதனால் வாத்து வேகுவது தெருவிலுள்ள ரொட்டிக் கடை அடுப்பில். மனம் மாறிய முதலாளி வான்கோழி வாங்கப் பையனை அனுப்பும்போது கிறிஸ்துமஸ் காலையிலும் இறைச்சிக் கடைக்காரர் வியாபாரத்துக்குத் தயாராக இருக்கிறார். ஒரு குடும்பம் சேர்ந்து உண்ண, இன்னொரு குடும்பத்தின் தகப்பன் அடுப்பருகே நின்றிருக்கிறார் என்பதை அந்தக் கதை தன்னையறியாமலே பதிந்து வைத்திருக்கிறது.

கிராட்சிட் வீட்டு மேசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கும் மகன் சின்ன டிம் அடுத்த ஆண்டு இருப்பானா என்ற பயத்தை, இன்றைய வாசகர் கதையின் உருக்கத்துக்காகச் சேர்த்ததாக நினைக்கக்கூடும். ஆனால் 1840களின் இங்கிலாந்தில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் ஒரு வயதை எட்டவில்லை. கதையைப் படித்த வீடுகளில் பெரும்பாலானவை ஒரு குழந்தையையாவது இழந்த வீட்டை அறிந்தவை. பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு கழிக்கும் ஒரு பகலுக்கு அந்த மக்கள் கொடுத்த மதிப்பு இந்த எண்ணிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்தை விழாவாக்கிய காலம், குழந்தைகளை இழந்துகொண்டே இருந்த காலமும்கூட.

மேல்தட்டு வீடுகளில் மாற்றம் வேறு வழியாக வந்தது. ஜெர்மனியில் பிறந்த அரசி சார்லட் 1800இல் வின்சர் லாட்ஜில் ஒரு மரத்தைத் தொட்டியில் நட்டு, பாதாம், உலர்திராட்சை, இனிப்புகளைக் காகிதத்தில் மடித்துக் கிளைகளில் கட்டி, மெழுகுத் திரிகளை ஏற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்தார். மரத்தைச் சுற்றிவந்து வியந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இனிப்பும் ஒரு பொம்மையும் கிடைத்தன. 1848இல் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகை, அரசி விக்டோரியாவும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மேசைமேல் வைத்த மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை அச்சிட்டது. இரண்டே ஆண்டில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அதே படத்திலிருந்து அரசியின் முடியணியையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கி, சாதாரணக் குடும்பமாக்கி வெளியிட்டது. யார் வீட்டிலும் நடக்கக்கூடியது என்ற நம்பிக்கை அந்தப் படத்தோடு பரவியது.

மரத்தைவிட எனக்குப் பிடித்தது, 1843 டிசம்பரில் லண்டனில் நடிகர் மாக்ரெடியின் வீட்டில் நடந்த குழந்தைகள் விருந்து. மாக்ரெடி நாடகம் நடத்த அமெரிக்கா போயிருந்தார். தகப்பன் இல்லாத குறை தெரியக் கூடாதென்று நண்பர்கள் கூடினார்கள். டிக்கன்ஸ் மந்திரவாதியாகி, ஒரு கனவானின் தொப்பிக்குள் பச்சை மாவையும் பச்சை முட்டையையும் கொட்டி, ஆவி பறக்கும் புட்டிங்கை வெளியே எடுத்துக் காட்டினார். அங்கிருந்த ஜேன் கார்லைல் அதை உற்சாகத்தோடு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். வேலை நிமித்தம் வெளிநாட்டில் இருக்கும் அப்பாவும், அந்த இடத்தை ஒரு மாலைக்காவது நிரப்ப வரும் சித்தப்பா மாமாக்களும் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. வளைகுடாவிலும் கப்பலிலும் வேலை பார்க்கும் தகப்பன்களின் வீடுகள் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் நிறைய இருக்கின்றன.

ஏழை வீடுகள் அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் சேர்த்தன. மதுக்கடைகளில் வாரம் சில பென்னிகள் கட்டி டிசம்பரில் ஒரு வாத்தைப் பெறும் சங்கங்கள் இருந்தன. நம் தீபாவளிச் சீட்டு போலவே. புட்டிங் மாவைப் பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே கலந்து வைப்பார்கள். வீட்டில் ஒவ்வொருவரும், கரண்டி பிடிக்கத் தெரிந்த சின்னப் பிள்ளை உட்பட, ஒருமுறை கிளறி மனதுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும். நல்ல வழக்கம் அது. அடுப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளாத வீட்டில் பண்டிகை அம்மாவுக்கு விடுமுறையாக இருக்க முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது.

இன்னொரு பெரிய கூட்டத்துக்கு அந்த நாள் வரவே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இங்கிலாந்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீடுகளில் பணிசெய்தார்கள். எசமானர் வீட்டுப் பிள்ளைகள் மரத்தைச் சுற்றியிருந்தபோது அவர்கள் சமையற்கட்டில் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாய்வீடு போக வாய்த்தது மறுநாள்தான். அந்த 26ஆம் தேதியை 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் நாடறிந்த விடுமுறையாக்கியது.

மரத்தடியில் வைத்த பொம்மைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேட்க வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் உலகச் சந்தையில் ஜெர்மன் பொம்மைகளே ஓங்கியிருந்தன. துரிங்கியாவின் சோனபெர்க் வட்டாரத்தில் பெரும்பாலும் வீடுகளே பட்டறைகள். அம்மா உடல் தைக்க, அப்பா காகிதக்கூழ் அச்சு வார்க்க, பிள்ளைகள் நிறம் பூசி முடி ஒட்டினார்கள். எர்ட்ஸ் மலையிலுள்ள சைஃபனில் மரவளையத்தைக் கடைந்து கீறினால் ஆட்டுப் பொம்மையும் குதிரைப் பொம்மையும் துண்டு துண்டாக விழும். அவற்றுக்கு வண்ணமிடுவதில் சிறு கைகளும் இருந்தன. பண்டிகைக்கு முந்தைய மாதங்களில் அந்த வீடுகளில் இரவு நெடுநேரம் விளக்கு அணையாது. சோனபெர்க் உள்ள அதே துரிங்கியாவில்தான் கல்வியாளர் ஃபிரோபெல், விளையாட்டே குழந்தையின் கல்வி என்று சொல்லி 1837இல் பாட் பிளாங்கன்பெர்க்கில் தன் நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். குழந்தைக்கு விளையாட நேரம் வேண்டும் என்ற எண்ணமும், விளையாட்டுப் பொருளுக்காக நேரத்தை இழந்த குழந்தையும் ஒரே மண்ணில். வீட்டுக்குள் நடக்கும் குழந்தை உழைப்பை ஜெர்மன் சட்டம் தொட 1903 வரை ஆயிற்று.

சட்டம் எப்போதுமே மெதுவாகத்தான் வந்தது. ஸ்காட்லாந்து 1640இல் ஒழித்த கிறிஸ்துமஸ் விடுமுறை அங்கே பொது விடுமுறையாகத் திரும்பியது 1958இல். அதுவரை டிசம்பர் 25 காலையில் கிளாஸ்கோவின் தகப்பன்கள் பலர் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள். இங்கிலாந்தில் 1960 வரை கிறிஸ்துமஸ் காலையிலும் தபால்காரர் வாசலுக்கு வந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்ற சட்டம் 2004இல்தான் வந்தது, கடைத் தொழிலாளர் சங்கம் இடைவிடாமல் கேட்டதனால். கேன்டர்பரி மக்கள் கேட்டதைச் சட்டம் ஏற்க 357 ஆண்டுகள்.

நம் பக்கம் திரும்பினால், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டியே வருகிறது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் டிசம்பர் கடைசி வாரம் வீட்டில்தான். பெற்றோருக்கோ பெரும்பாலும் அந்த ஒரு நாள். பலருக்கு அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில், பாட்டி வீட்டில், கைபேசித் திரையில் பிள்ளைகளின் அந்த வாரம் கழிகிறது. திருப்பூரில் பனியன் தைக்கும் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஆர்டர் என்பது பழகிய பேச்சு. டிசம்பருக்குப் பல மாதங்கள் முன்பே ஓவர்டைம் பார்த்து அவர்கள் தைத்து அனுப்பும் உடுப்புகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரத்தடியில் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கிறார்கள். தைத்தவரின் பிள்ளை அந்த மாதங்களில் அம்மாவைத் தூங்கும் நேரத்தில் மட்டுமே பார்த்திருக்கும். சோனபெர்க் முடிந்துபோன கதை அல்ல.

ஸ்காட்லாந்துக்கு அந்த நாள் கிடைத்த அதே 1958இல் சென்னை மாநிலம் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தை இயற்றியது. இன்று அதன்படி நான்கு தேசிய நாட்கள் போக ஐந்து பண்டிகை விடுமுறைகள் தொழிலாளிக்கு உண்டு. அருமையான சட்டம், ஆனால் அது பண்டிகையை மட்டும் எண்ணுகிறது, பிள்ளை வீட்டில் இருக்கும் நாட்களை எண்ணவில்லை. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும், அரையாண்டு விடுமுறைக்குள் தாங்களே தேர்ந்தெடுக்கும் இரண்டு நாட்களைச் சம்பளத்தோடு இந்தச் சட்டம் தர வேண்டும். பண்டிகையன்றும் இயங்கியே தீர வேண்டிய மருத்துவமனைகளும் பேருந்துப் பணிமனைகளும் மின்வாரியமும் டிசம்பர் முதல் வாரத்திலேயே பணிப்பட்டியலை ஒட்டிவிட வேண்டும். சென்ற ஆண்டு பண்டிகையன்று பணியில் இருந்தவருக்கு இந்த ஆண்டு அந்த நாள் விடுமுறையாக வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடோ ஆணையமோ தேவையில்லை. ஒரு திருத்த மசோதாவும் ஒரு சுற்றறிக்கையும் போதும்.