நடுவரை யார் நியமிப்பது?

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து அமைத்த தொகுதியான குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டத்தைக் கடந்து, மாநில அளவுக்குச் செல்கின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படும் இப்போட்டிகளில் வென்ற அணிதான் மேலே செல்லும் என்பதால், திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள ஒரு பள்ளியின் கூடைப்பந்து அணிக்கு அந்த ஆண்டின் கணக்கு குறுவட்டத்திலேயே, சில வேளைகளில் ஒரே ஆட்டத்திலேயே, தீர்ந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தில் விசில் ஊதுபவர் யார், அவருடன் இணைந்து ஊதும் இன்னொருவர் யார், அவ்விருவரையும் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் நாளே எழுத்தில் விடை இருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பவர் களத்தில் அணி ஏதும் இல்லாதவராக இருக்க வேண்டும்.

இப்போதைய வழக்கம் பெரும்பாலும் வேறு விதமானது. குறுவட்டப் போட்டிகளில் நடுவர்களாக நிற்பவர்கள் அதே குறுவட்டத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள். அதாவது, காலையில் தம் பள்ளி மாணவர்களை வேனில் ஏற்றி அழைத்து வந்தவர்களே, தம் அணியின் ஆட்டம் இல்லாத நேரத்தில் பிறர் ஆட்டத்துக்கு நடுவராகிறார்கள். அணிகளின் பெயர்ப் பதிவு முடிந்ததும், போட்டியை நடத்தும் பள்ளியின் ஆசிரியர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, “சார், இந்த மேட்சை நீங்களும் அவரும் பாத்துக்குங்க” என்று சொல்வதோடு நியமனம் முடிந்துவிடுகிறது. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சொல்தான் அது. வெயில் ஏறுமுன் ஆட்டங்களை முடிக்க வேண்டிய நெருக்கடியில் வேறு வழி தோன்றுவதும் இல்லை. ஆனாலும் இரண்டாவது அரையிறுதிக்கு நடுவராக நிற்பவரின் அணி முதல் அரையிறுதியை வென்று இறுதி ஆட்டத்துக்காகக் காத்திருக்குமானால், எந்த அணி எதிரே வரப்போகிறது என்பதில் அவருக்கு அக்கறை இருந்தே தீரும். அவர் நேர்மையானவரா என்பது அங்கே கேள்வியே அல்ல. அத்தகைய இடத்தில் அவரை நிறுத்திய ஏற்பாடு சரியானதா என்பதே கேள்வி.

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: நடுவர்கள் களத்தில் ஆடும் எந்த அணியோடும் எவ்வகைத் தொடர்பும் உடையவர்களாக இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பு களத்துக்கு வந்த கணத்திலிருந்தே நடுவரின் அதிகாரம் தொடங்குகிறது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அந்த 20 நிமிடம் இரு நடுவர்களும் தமக்குள் பேசிக்கொள்வதற்கும் உரியது. 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளிலேயே, ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். கூடைப்பந்தில் இணைநடுவர் என்பவர் முதல் நடுவருக்கு உதவியாளர் அல்லர், ஆட்டத்தின் மறுபாதிக்குப் பொறுப்பாளர் என்பது அன்றுமுதல் உள்ள ஏற்பாடு.

அந்த மறுபாதியின் கனம் களத்தருகே நின்று பார்ப்பவருக்கே விளங்கும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில் ஒரு நடுவர் பந்துக்கு முன்னே ஓடிக் கூடைக்கு அடியில் உள்ள எல்லைக் கோட்டருகே நிற்கிறார். மற்றவர் பந்துக்குப் பின்னே வந்து வெளிவட்டத்தையும் மூன்று புள்ளி எறிதல்களையும் கவனிக்கிறார். பந்து கைமாறி ஆட்டம் திரும்பியதும் இருவரின் வேலையும் இடம் மாறுகிறது. பந்தோடு பாயும் ஆட்டக்காரரும் அவரை மறிக்கும் ஆட்டக்காரரும் கூடைக்கு அருகே மோதிக்கொள்ளும்போது, அது யாருடைய எல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாத இருவர் ஒரே நேரத்தில் ஊதிவிடுவது உண்டு. ஒருவர் இரு கைகளையும் இடுப்பில் வைத்து மறித்தவர் மீது தவறு என்று சைகை காட்ட, மற்றவர் மூடிய கையை விரித்த உள்ளங்கையில் குத்திப் பாய்ந்தவர் மீது தவறு என்று காட்டினால், அதன் பிறகு எடுக்கும் முடிவு எதுவாயினும் ஒரு பக்கத்தினர் அதை ஏற்கப் போவதில்லை. ஒரே விதிப்புத்தகத்தைப் படித்த இருவர்தாம் அவர்கள். சேர்ந்து நின்ற பழக்கம் இல்லாததே குறை. எனவே யார் நடுவர் என்பதைப் போலவே, யாரோடு யார் என்பதும் தற்செயலுக்கு விடத்தக்கது அல்ல.

பள்ளி அளவிலான ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், அந்த ஆட்டத்தின் பின்னே தொங்கிக்கொண்டிருப்பவை எவை என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன; அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இவற்றுக்கு உதவும் சான்றிதழ்கள் மேல்நிலைப் போட்டிகளில் பெறப்படுபவை என்றாலும், அந்த ஏணியின் முதல் படி பெரும்பாலானோர்க்குக் குறுவட்டம்தான். நெல் வயலில் கூலி வேலை செய்தும் கடலில் மீன் பிடித்தும் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி மையமும் தனியார் கழகமும் எட்டாதவை; அவர்களுக்குப் பள்ளி அணியை விட்டால் வேறு வாசல் இல்லை.

பெரிய விளையாட்டுகள் நடுவர் நியமனச் சிக்கலைக் கடந்து வந்த விதம் கவனிக்கத் தக்கது. டெஸ்ட் கிரிக்கெட்டில் ஆட்டத்தை நடத்தும் நாடே நடுவர்களையும் நியமிப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது இந்தியாவின் வி. கே. ராமசுவாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாக அழைக்கப்பட்டார்கள். 1994 முதல் ஒருவரேனும், 2002 முதல் இருவருமே பொது நாட்டவராக இருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கிரிக்கெட் அவை வகுத்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் பயணம் தடைப்பட்டபோது உள்நாட்டு நடுவர்களே மீண்டும் நிற்க நேர்ந்தது. அதனால் விளையாட்டு அழிந்துவிடவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். உண்மைதான், ஆனால் அந்த ஆட்டங்களில் ஒவ்வொரு பந்தையும் பல கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. குறுவட்டப் போட்டி நடக்கும் பள்ளி மைதானத்தில் நடுவரின் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பொது நடுவருக்கு ஆள் எங்கே என்பதே இதற்கு எழும் வலுவான மறுப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கட்டாயக் கல்விச் சட்டமான 2009-ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கே உடற்கல்விக்கு ஒருவரை, அதுவும் பகுதிநேரப் பயிற்றுநராகக் கேட்கிறது. அதன் அடிப்படையில் தமிழ்நாடு 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் மாத ஊதியத்தில் அமர்த்தியது. அவர்களின் பணி நிரந்தரக் கோரிக்கை அதன்பின் ஆட்சி மாற்றத்தையும் கண்டுவிட்டது. வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் பள்ளிக்கு வருபவரிடம், விடுமுறை நாளில் இன்னொரு ஊருக்குப் போய் நடுவராக நில் என்று சொல்லும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆயினும் ஆள் பற்றாக்குறையின் ஒரு பகுதி நிர்வாக எல்லையால் விளைந்தது. முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டத்தின் தெற்கு மூலையில் கிடக்கிறது. மாவட்டத் தலைநகரை விட அதிராம்பட்டினமும் பட்டுக்கோட்டையும் அதற்கு அருகில் இருக்கின்றன, ஆனால் அவை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1991-க்கு முன்பு இவ்வூர்கள் எல்லாமே பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. நாகப்பட்டினமும் அதிலிருந்து 1997-இல் திருவாரூரும் பிரிந்த பிறகு, நடுவர் பட்டியலும் மாவட்டத்தோடு சேர்ந்தே பிரிந்துபோயிற்று. பட்டுக்கோட்டை ஆசிரியர் முத்துப்பேட்டையிலும், முத்துப்பேட்டை ஆசிரியர் அதிராம்பட்டினத்திலும் நடுவராக நின்றால் யாருக்கும் தம் அணி எதிரே இருக்காது. இடையே இருப்பது ஒரு பேருந்துப் பயணம் மட்டுமே. திருவாரூரிலிருந்து முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியே காரைக்குடிக்குச் செல்லும் ரயில் பாதையின் மறுமுனையில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. நடுவர் பணியைப் பாடமாகவே படிக்கும் மாணவர்களுக்குக் குறுவட்ட ஆட்டங்களை விட நல்ல செய்முறைக் களம் கிடைக்காது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடுவர்களை நியமிப்பதற்கென்றே ஒதுக்கீட்டாளர் என்று ஒருவர் இருக்கிறார். எந்த நாளில் வர இயலும், எந்தப் பள்ளியோடு தமக்கு உறவு உண்டு என்பதை நடுவர்கள் ஒரு மென்பொருளில் முன்கூட்டியே பதிந்துவிட, அவர் அதைப் பார்த்து ஆட்டத்தையும் இணையையும் பிரித்துக் கொடுக்கிறார். வேண்டியவர்களுக்கே நல்ல ஆட்டங்கள் போகின்றன என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. ஒருவரிடம் குவிந்த அதிகாரம் எந்த நாட்டிலும் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் அங்கே குறைசொல்லக் கையில் ஒரு பட்டியலாவது இருக்கிறது.

சோழர் காலத் தேர்தல் முறையான குடவோலையைச் சொல்லாமல் உள்ளாட்சி பற்றிய தமிழ்த் தலையங்கம் முடிவதில்லை. இங்கே அதைச் சொல்லக் காரணம் சீட்டுக் குலுக்கியது அன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்விலிருந்து விலக்கி வைத்த பிறகே ஓலையைக் குடத்தில் இடச் சொல்கின்றன. நடுவர் நியமனத்திலும் வரிசை அதுவே: ஆடும் பள்ளிகளின் ஆசிரியரையும், அடுத்த சுற்றில் அவற்றைச் சந்திக்கவிருக்கும் பள்ளியின் ஆசிரியரையும் முதலில் நீக்கிவிட்டு, எஞ்சியவர்களில் முதன்மை நடுவரைச் சீட்டெடுத்து முடிவு செய்யலாம். இணைநடுவரைச் சீட்டுக்கு விடக் கூடாது. இரண்டு புதியவர்கள் ஒரே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டால் நியாயமான குலுக்கலும் மோசமான ஆட்டத்தையே தரும். அனுபவம் உள்ளவரோடு புதியவர், ஒரே பள்ளியைச் சேராத இருவர் என்று பார்த்து இணைக்க வேண்டும். பெண் ஆசிரியர்களை மேசையில் ஸ்கோர் எழுத மட்டும் உட்கார வைக்கும் வழக்கம் எங்கிருந்தாலும், அது முடிவுக்கு வரும் இடமும் இந்த இணைப்பே.

இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய பணியிடமோ தேவைப்படவில்லை. ஸ்கோர் தாளில் இரு நடுவர்களின் பெயரும் முதன்மை நடுவரின் கையொப்பமும் இப்போதே இருக்கின்றன. பெயருக்கு எதிரே அவர்களின் பள்ளியையும் எழுதி, அத்தாள்களை மாவட்ட உடற்கல்வி ஆய்வர் அலுவலகத்தில் சேர்த்து வைத்தால் யார் யாருக்கு எத்தனை முறை நடுவராக நின்றார் என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். திருவாரூர், தஞ்சாவூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் இருவரும் கலந்து, எல்லையோரக் குறுவட்டங்களுக்கிடையே நடுவர்களை மாற்றிக்கொள்ளும் ஆணையை, பயணப்படியை ஏற்கும் அலுவலகம் எது என்பதையும் குறிப்பிட்டு, அடுத்த கல்வியாண்டின் போட்டி அட்டவணை பள்ளிகளுக்குச் செல்லுமுன் வெளியிட வேண்டும். அட்டவணை வந்த பிறகு வரும் ஆணை, வழக்கம்போல, அதற்கடுத்த ஆண்டுக்கே பயன்படும்.